மூன்றாவது கம்பி

குழந்தைவேல் ஊன்றுகோலை ஊன்றிப் பட்டறைப் படியேறியதைப் பார்த்ததும் ஷெர்லின் வெல்டிங்கை நிறுத்தினாள். மாரமங்கலத்திலிருந்து பஸ்ஸில் ஏற்காடு வந்து, ஆஸ்பத்திரியில் காலைக் காட்டிவிட்டு நேரே இங்கே வந்திருந்தார்.

"ஏனுங்க டீச்சர், என்னைய வெச்சு ஏதோ சிலை பண்றீங்கன்னு ஊட்ல சொன்னா. பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க."

வராமலிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இன்னும் அரை மணியில் லாரி வந்துவிடும், சிலை சேலம் கண்காட்சிக்குப் போய்விடும் என்றுதான் அவள் காலையிலிருந்து மனதைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

ஜனவரியில் தலைச்சோலை எஸ்டேட்டில் மிளகு பறிப்பு நடந்தபோது, பள்ளி விட்டதும் அங்கே போய் உட்கார்ந்து, ஏணியில் நின்று பறிக்கும் குழந்தைவேலை வரைவாள். ஒரு தாளுக்கு அரை நிமிடம்தான். முகம் கிடையாது, விரல் கிடையாது. உடம்பின் கனம் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் போகிறது, அவ்வளவுதான். நாற்பது தாள்களைச் சுவரில் ஒட்டி, மூன்று கோடுகளைத் தேர்ந்தெடுத்து, ஆளுயரத்துக்கு மேல் மூன்று இரும்புக் கம்பிகளாக வளைத்திருந்தாள்.

மூன்றாவது, அவர் விழுந்த நாளின் கோடு. ஈர மண்ணில் ஏணி வழுக்கியது. டீச்சர் கத்தியதால்தான் ஆள் ஓடி வந்தது என்று எஸ்டேட்டே சொன்னது. அவர் மனைவி காமாட்சி பலாப்பழத்தோடு வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கத்துவதற்கு முன் தன் பென்சில் தாளின் உச்சியிலிருந்து அடிவரை ஓடி முடித்திருந்ததை ஷெர்லின் யாரிடமும் சொல்லவில்லை.

"தலை எங்கீங்க இதுல?"

"தலை, கையெல்லாம் இல்லீங்கண்ணா. உடம்பு போற போக்கு மட்டுந்தான்."

முதல் கம்பியைச் சுற்றி வந்தார். கொடிக்கு எட்டிக் கை நீட்டும் வளைவைக் கண்டுகொண்டதுபோல் சிரித்தார். மூன்றாவதில் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றார். அவரறியாமல் இடது தோள் சரிந்தது. ஷெர்லின் பதறி ஓரடி முன்னால் வந்தாள். அவர் விழவில்லை.

"இது அன்னிக்குங்க."

இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

"ஆமாங்கண்ணா."

"அப்பறமா நெனச்சு வரைஞ்சீங்களா?"

"இல்லீங்க. விழுகறப்பவே. ஏணி சாயறதைப் பாத்தேன், கை நிக்கல. கோடு முடிஞ்சப்பறம்தான் கத்தினேன்." கையுறையைக் கழற்றினாள். "யார்கிட்டயும் சொல்லலீங்கண்ணா."

வெளியே கொண்டை ஊசி வளைவில் லாரி ஒன்று திணறி ஏறும் சத்தம் கேட்டது.

"நீங்க உக்காந்திருந்தது பத்தடி தூரமுங்க. ஓடி வந்திருந்தாலும் புடிச்சிருக்க முடியாது."

அவளுக்கு மூச்சு வந்தது.

"ஆனாலும் ஓடி வந்திருக்கலாமுங்க," என்றார், குரலை உயர்த்தாமல்.

லாரி வாசலில் நின்றது. தோளில் கயிறோடு இரண்டு பேர் உள்ளே வந்தார்கள்.

"டீச்சர், ஏத்திரலாமுங்களா?"

ஷெர்லின் குழந்தைவேலைப் பார்த்தாள். அவர் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. திறந்த கதவு வழியே பனிமூட்டம் தரையோடு நுழைந்துகொண்டிருந்தது. கயிற்றைப் பிரித்தவர்கள் முதல் முடிச்சை எங்கே போடுவதென்று தெரியாமல் அந்தக் கைக்குப் பக்கத்தில் நின்றார்கள்.