பின்சக்கரத்து ஈரம்

2021 செப்டம்பர் இரண்டாம் நாள், வியாழக்கிழமை, என் மகன் நன்மாறனின் சாவுக்கு ‘ஓட்டுநரின் கவனக்குறைவே காரணம்’ என்று காவல்நிலையத்தில் எழுதினார்கள், அந்த வாக்கியத்தில் எழுத்துப்பிழை இல்லை, உண்மையும் இல்லை, எழுதியவர் வண்டிக்கடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை, நான்தான் குனிந்திருக்கிறேன், நினைவில் இப்போதும், சேந்தமங்கலத்தில் மெக்கானிக் அம்மாசியின் பட்டறையில், நன்மாறன் ஓட்டும் பிக்கப் வண்டியின் பின்சக்கரத்து உட்புறமெங்கும் எண்ணெய் வழிந்து, புழுதியோடு கருங்களியாய் அப்பியிருக்கிறது, கந்தக நெடி, எண்ணெய் கசிவது இது முதல் முறைதான், அம்மாசி சக்கரத்தைக் கழற்றி, ஆக்சில் தண்டை உருவி, ஹப்பைக் கவிழ்த்து, எண்ணெயை உள்ளே தடுத்து நிறுத்தும் ரப்பர் வளையமான பழைய ‘சீல்’ ஒன்றை நெம்பி எடுக்கிறார், புதியதை வைத்துச் சுற்றிலும் மெல்லத் தட்டுகிறார், கொஞ்சம் சாய்ந்தாலும் எண்ணெய் கசியும் என்கிறார், கசிந்து பிரேக் லைனரை நனைத்தால் சக்கரம் பிடிக்காது என்கிறார், டார்ச் பிடித்தபடி நன்மாறன் சிரிக்கிறான், எங்கப்பா முன்னாடி எதையும் சாய்ச்சு வெக்காதீங்கண்ணா, கோடு போட்ட நோட்டுலயே ஸ்கேல் வெச்சு எழுதறவரு.

பத்தே நாளில் கசிந்தது, கொல்லிமலையிலிருந்து அன்னாசி ஏற்றி எழுபது வளைவுகள் இறங்கும் வண்டி, அம்மாசி மறுபடி மாற்றினார், மறுபடி கசிந்தது, மூன்றாம் முறை அவர் புதுச் சீலைத் தொடவே இல்லை, கைகளைத் துடைத்துக்கொண்டே நிற்கிறார், ஏனுங்க வாத்தியாரே, சீல் மேல தப்பில்லீங்க, உள்ள எங்கியோ அழுத்தம் தங்குது, ஒரு நாள் வண்டிய உட்டுட்டுப் போங்க, பாத்துச் சொல்றன், என் குரல் எனக்கே கேட்கிறது, முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் பழகிய குரல், சாய்த்து வைத்துவிட்டுச் சாக்குத் தேடாதீர்கள், நேராக வைத்துக் கொடுங்கள், ஒரு நாள்தானப்பா என்கிறான் நன்மாறன், நான் அவனைத் திரும்பிப் பார்க்கிறேன், நாற்பது வயதுப் பிள்ளை, தலையைக் குனிந்துகொள்கிறான், அம்மாசி லைனரைத் துடைத்து, சீலைப் பொருத்தி, சாவியைத் தருகிறார், மறுவாரம் மலையிறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை, எனக்கு அழுகை வரவில்லை, வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன், எத்தனை என்றுகூட நினைவிருக்கிறது, பதினெட்டு.

நொறுங்கிய வண்டியைப் பட்டறை வாசலில் இறக்குகிறார்கள், அம்மாசி ஆக்சிலின் மேற்புறத்தை நகத்தால் சுரண்டுகிறார், கறுப்பு வண்ணம் தோலாக உரிகிறது, அடியில் விரல்நுனி அளவு ஒரு மூடி, சூடேறுனா ஆக்சில் மூச்சு உடறது இதுல தானுங்க, இத அடச்சா ஆயில் சீலத் தள்ளிக்கிட்டுத்தான வரும், யாருங்க இதும்மேல பெயின்ட் அடிச்சது, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்கிறார், வைகாசியில் தகுதிச் சான்றுக்காக வண்டிக்கு வண்ணம் பூசியபோது, வெளிப்புறம் போதும் என்ற பெயின்டரை அடியில் படுக்கவைத்து, துரு ஒரு புள்ளிகூடத் தெரியக்கூடாது என்று, இரண்டு பூச்சு, நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், அம்மாசியிடம் தெரியாது என்றேன், காவல்நிலையத்தில் அந்த வாக்கியத்தின் கீழே கையெழுத்திட்டேன்.

அம்மாசி மூன்று முறையும் சீலை நேராகத்தான் வைத்தார். நன்மாறன் கவனமாகத்தான் ஓட்டினான். இதை வாசிக்கும் நீங்கள் எனக்கு ஆறுதல் கூற வேண்டா, எழுதுகோலை எடுங்கள், ‘ஓட்டுநரின்’ என்பதை அடித்துவிட்டுத் ‘தந்தையின்’ என்று எழுதுங்கள்.