பியானோக்காரி பார்த்த கை

எங்கள் சபையில் ஜெப நேரத்தில் கண்ணைத் திறந்து வைத்திருக்க அனுமதி உள்ளவர்கள் இரண்டே பேர். ஒருவர் பாஸ்டர் மெர்ல். இன்னொருத்தி நான், பியானோக்காரி வெல்டா. முப்பத்தொரு வருடமாக அதே நாலு பாட்டை வாசித்து வாசித்து என் விரல்கள் தானாக ஓடும். கண்ணுக்குத்தான் வேலை இல்லை. அது பாட்டுக்கு வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்.

பிரசங்கம் முடிந்ததும் பாஸ்டர் எல்லாரையும் தலை தாழ்த்தச் சொல்வார், கண்ணை மூடச் சொல்வார், யாரும் அக்கம்பக்கம் பார்க்கக் கூடாது என்பார். இயேசுவுக்கு உள்ளத்தைக் கொடுக்க விரும்புகிறவர்கள் கையை மட்டும் உயர்த்தினால் போதும். எங்காவது ஒரு கை எழும். உடனே அவர், "அந்தக் கையைப் பாத்தேன்" என்று மெதுவாகச் சொல்வார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த ஆள் எழுந்து நடுவழியே முன்னால் வருகிற வரைக்கும் நான் வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும். சில ஞாயிறுகளில் ஒன்பது சுற்று போகும். அதற்குள் ஊரில் பாதி வீட்டு அடுப்பில் இறைச்சி கருகியிருக்கும்.

அந்தப் பியானோவின் பின்னால் உட்கார்ந்து நான் பார்த்த கைகளைச் சொன்னால் ஊரே வாயைப் பிளக்கும். பாங்க் மானேஜரின் கை, ஷெரீப்பின் கை, ஒரு தடவை பாஸ்டரின் மனைவியின் கைகூட. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் பேச்சு உண்டு. அது பொய்யில்லை. ஆனால் ஒரு கையின் பெயர்கூட என் வாயிலிருந்து வந்ததில்லை.

ஒரே ஒரு கைக்காகத்தான் இருபத்தாறு வருடமாகக் காத்திருந்தேன். என் வீட்டுக்காரன் கிளீட்டஸின் கை. மண் ரோடுகளைச் சமன் செய்யும் அரசாங்க வண்டியை ஓட்டுகிறவன். ஞாயிறு தவறாமல் என்னைக் கொண்டுவந்து விட்டு, கதவோரக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்வான். கடவுளோடு தனக்கு ஒரு தகராறும் இல்லை, கூட்டத்தோடுதான் ஒத்துவராது என்பான். நான் அவனை வற்புறுத்தியதில்லை. சரி, முதல் பத்து வருடம் வற்புறுத்தினேன். பிறகு ஜெபத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

தேர்தலுக்கு முந்தின சனிக்கிழமை காலை, முகச்சவரம் செய்துகொண்டே கண்ணாடியைப் பார்த்துப் பேசினான்.

"நாளைக்குக் கொஞ்சம் மெதுவா வாசி."

"ஏன்?"

"கடைசி பெஞ்சுலேருந்து முன்னால வர தூரம் ஜாஸ்தி. எனக்கு முட்டி வலி."

அடுப்பில் முட்டை தீய்ந்தது. தீயட்டும் என்று விட்டுவிட்டேன். அவனுக்குத் தெரியாமல் பின்கட்டுக்குப் போய் ஏப்ரனில் முகத்தைப் புதைத்து அழுதேன்.

இந்த இடத்தில் டாயிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டாயில் எங்கள் சபையின் மூப்பர். ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற எங்கள் வட்டாரத்து ரோடு கமிஷனரும் அவன்தான். ரோடு, பாலம், ரோடு சமன் செய்யும் வண்டி, அதை ஓட்டுகிற கிளீட்டஸ் எல்லாம் அவன் பிடியில். மறுபடி பதவிக்கு நின்றான். செப்டம்பரிலிருந்தே சபைப் புல்வெளியில் அவன் தட்டிகள் முளைத்துவிட்டன. ஒரு பக்கம் சிலுவை, ஒரு பக்கம் டாயிலின் முகம். முகம் சிலுவையைவிடப் பெரியது. பாட்டுப் புத்தகத்தைத் திறந்தால் அதிலும் அவன் நோட்டீஸ். எதிர்த்து நின்றவர் ஒரு மாட்டு டாக்டர் அம்மா, பக்கத்துத் தெரு மெத்தடிஸ்ட் சபை. அவரும் ஜெபம் செய்யாமல் சாப்பாட்டில் கை வைக்க மாட்டார். எங்கள் பிரசங்க பீடத்திலிருந்து வருகிற பேச்சைக் கேட்டால் அவருக்குத் தலையில் இரண்டு கொம்பு இருப்பதாகத் தோன்றும்.

ஜெயித்தால் நீதிமன்ற வாசலில் பத்துக் கட்டளைகளைக் கல்லில் பொறித்து நிறுத்துவேன் என்று டாயில் வாக்குக் கொடுத்திருந்தான். அதைக் கேட்டதிலிருந்து பாஸ்டர் மெர்ல் தரையில் நடக்கவில்லை. கெட்ட மனிதர் இல்லை. என் அம்மா சாகக் கிடந்த மூன்று நாளும் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

அந்த ஞாயிறு பிரசங்கம் முடிந்தது. தலைகள் தாழ்ந்தன, கண்கள் மூடின. நான் மெதுவாக, மிக மெதுவாக வாசிக்கத் தொடங்கினேன். கர்த்தருக்காக நிற்கிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார் பாஸ்டர்.

கடைசி பெஞ்சில் கிளீட்டஸின் கை எழுந்தது. காது வரை வந்தது. அதையும் தாண்டிப் போனது. என் விரல் தவறான கட்டையில் விழுந்தது. பரவாயில்லை, பாஸ்டர் இப்போது சொல்வார் என்று அவரைப் பார்த்தேன். அவர் கூட்டத்தைப் பார்க்கவில்லை. கையில் டாயில் கொடுத்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து அப்படியே படித்தார்: கர்த்தருக்காக நிற்கிற கைகள் எல்லாம் செவ்வாய்க்கிழமை சகோதரர் டாயிலுக்காகவும் நிற்கட்டும், கைகளை இறக்காதீர்கள்.

ஒன்றிரண்டைத் தவிரச் சபை முழுக்கக் கைகள் எழுந்தன. கிளீட்டஸின் கை மட்டும் இறங்கியது. முன் பெஞ்சில் டாயில் பாதி திரும்பி உட்கார்ந்திருந்தான். இரண்டு கண்ணும் திறந்திருந்தன. கையில் பென்சில்.

ஆராதனைக்குப் பிறகு சபை மண்டபத்தில் எல்லாரும் கொண்டுவந்ததை வைத்துச் சேர்ந்து சாப்பிடுவது எங்கள் வழக்கம். கிளீட்டஸ் தட்டில் கோழி வறுவலோடு வரிசையில் நின்றான். டாயில் வந்து அவன் தோளில் கை போட்டான்.

"என்ன கிளீட்டஸ், கை சீக்கிரமே அசந்துபோச்சு?"

"அது உனக்குத் தூக்கின கை இல்ல, டாயில்."

"ரெண்டும் ஒண்ணுதானே பிரதர்."

கிளீட்டஸ் தட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனான். கோழியை விட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை அவன்.

நான் சமையற்கட்டில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தபோது டாயில் அங்கேயும் வந்தான். என் வாழைப்பழப் புட்டிங்கை வாயாரப் புகழ்ந்தான். பிறகு, பியானோ பக்கம் உட்கார்ந்தால் எல்லாம் தெரியுமே, யார் யார் கை தூக்கவில்லை என்று சொன்னால் அவர்களுக்காக ஜெபிக்கலாம் என்றான்.

"அவங்க பேரெல்லாம் கர்த்தருக்குத் தெரியும்," என்றேன். "நீ கண்ண மூடிக்கிட்டே ஜெபி."

அவன் சிரித்துக்கொண்டே போனான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

பாஸ்டரை அவர் அறையில் போய்ப் பிடித்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கல்லைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். அது வாசலில் நிற்க வேண்டுமென்றால் நம் ஆள் உள்ளே இருக்க வேண்டும், எல்லாம் தேவனுடைய ராஜ்யத்துக்காகத்தான் என்றார்.

"இருபத்தாறு வருஷமா ஒரு ஆளுக்காக நாம ரெண்டு பேரும் ஜெபிச்சோமே பாஸ்டர். இன்னைக்கு அந்தக் கை மேல வந்துச்சு. நீங்க பாக்கல. பேப்பரப் பாத்துட்டு இருந்தீங்க."

அவர் முகம் வெளுத்தது. பிறகு கிளீட்டஸை வீட்டுக்கே வந்து பார்ப்பதாகச் சொன்னார். எப்போது என்று கேட்டேன். செவ்வாய் முடிந்ததும் என்றார்.

செவ்வாய் முடிந்தது. டாயில் எக்கச்சக்கமான ஓட்டில் ஜெயித்தான். எங்கள் கைகள் அவனுக்குத் தேவைப்பட்டிருக்கவே இல்லை. பாஸ்டர் வீட்டுக்கு வரவில்லை. வியாழனன்று கிளீட்டஸை எல்லைக்கோட்டு ரோட்டுக்கு மாற்றினார்கள். ஒரு தபால் பெட்டியும் இரண்டு மாடும் மட்டும் பயன்படுத்துகிற ரோடு அது. மாடுகள் மரியாதையானவை என்றான் கிளீட்டஸ். ராத்திரிகளில் தூங்காமல் புரண்டான்.

ஞாயிறு வந்தது. வழக்கம்போல் என்னைச் சபை வாசலில் கொண்டுவந்து விட்டான். ஆனால் வண்டியை விட்டு இறங்கவில்லை. ரேடியோ கேட்கிறேன், நீ போ என்றான்.

உள்ளே டாயிலை மேடையில் நிறுத்தி, மூப்பர்கள் அவன் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். கைதட்டல் வேறு. ஒரு வழியாகத் தலைகள் தாழ்ந்தன, கண்கள் மூடின. நான் வாசித்தேன். ஒரு கையும் எழவில்லை. பழக்கதோஷத்தில் கடைசி பெஞ்சைப் பார்த்தேன். முட்டி வலிக்காக அவன் போட்டு வைத்திருந்த மெத்தை மட்டும் கிடந்தது. இன்னொரு சுற்று என்று பாஸ்டர் விரலைக் காட்டினார். வாசித்தேன். மறுபடி விரலைக் காட்டினார்.

நான் கையை எடுத்துவிட்டேன். முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவை. பியானோவின் மூடி விழுந்த சத்தத்தில் பாதிப் பேர் கண்ணைத் திறந்தார்கள். எழுந்து நடுவழியில் நடந்தேன். அந்த வழியில் எல்லாரும் முன்னால்தான் வருவார்கள். நான் பின்னால் போனேன். தூரம் ஜாஸ்திதான், அவன் சொன்னது சரி.

வண்டியில் ரேடியோ ஓடவில்லை. கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன்.

"என்ன, சீக்கிரமே விட்டுட்டாங்களா?"

"அவங்க விடல. நான் விட்டுட்டேன்."

உள்ளே பியானோ இல்லாமல் பாட்டு தொடர்ந்தது. வரிக்கு வரி சுருதி இறங்கி, கடைசியில் மாட்டுக் கொட்டகைச் சத்தமாகிவிட்டது. இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து ஓய்ந்ததும் அவன் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி கேட்டான்.

"அன்னைக்கு நீ பாத்தியா?"

"மேல போனப்பவும் பாத்தேன். கீழ வந்தப்பவும் பாத்தேன்."

அவன் ஸ்டியரிங்கிலிருந்து வலது கையை எடுத்தான். அவனுக்குக் கூச்சமாக இருக்கும் என்று நினைத்து, நான் கண்ணை மூடிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம்," என்றான். "நீ பாரு."

கை எழுந்தது. காதைத் தாண்டி, தொப்பியைத் தாண்டி, வண்டியின் கூரையில் இடித்து நின்றது. நான் அழுதுகொண்டிருந்தேன், அதனால் குரல் சரியாக வரவில்லை. ஆனாலும் சொன்னேன்.

"அந்தக் கையைப் பாத்தேன், கிளீட்டஸ்."