மருமகள் கையில் ஏறிய அரக்கு

மொஹேய் யாரையும் நம்பாதவர். ஜப்பானின் எடோ நகரத்தில் எழுதுபெட்டிக்கு அரக்குப் பூசுகிறவர்களில் அவர் கைக்கு ஈடு இல்லை என்பார்கள். அவர் வாயைப் பற்றியும் அப்படித்தான் சொல்வார்கள், வேறு அர்த்தத்தில்.

அன்று காலை மருமகள் ஒகினு கஞ்சிக் கிண்ணத்தை நீட்டினாள். அவள் கை முழங்கை வரை தடித்துச் சிவந்திருந்தது. பழகாத உடம்பில் இறுகாத பச்சை அரக்கோ அதன் ஆவியோ பட்டால்தான் அப்படி ஆகும். வீட்டில் பச்சை அரக்கு ஒரே இடத்தில்தான் இருந்தது. அரக்கு இறுக வைக்கும் பூட்டாத ஈர அலமாரிக்குள், பிரபு மகளின் கல்யாணச் சீருக்கான எழுதுபெட்டியின் மேல். மூடி நிறையப் பொன்தூளில் நாணல், அதற்கு மேலே நிலா. கடைசிப் பூச்சு இறுகும்வரை அவரைக் கேட்காமல் அந்தக் கதவை யாரும் திறக்கக் கூடாது. ஒரு தூசி விழுந்தாலும் போச்சு.

"அலமாரியத் தொறந்தியா?"

"தொறந்தேன் மாமா. அது வந்து..."

"வரவும் வேணாம், போகவும் வேணாம். பொன்தூள் எவ்வளவு சுரண்டினே?"

"நான் எதையும் சுரண்டல."

"அப்ப கை ஏன் வெந்து கெடக்கு? உள்ள நிலா பாக்கப் போனியோ?"

வாசல் கதவைத் தள்ளித் தெருவே கேட்கக் கத்தினார். "திருட்டுக் கைக்கு என் வீட்ல சோறு கெடையாது. உங்கப்பன் வீட்டுக்குப் போ!"

எதிரே டோஃபு என்ற சோயாக்கட்டி விற்கிறவன் கூடையோடு அப்படியே நின்றுவிட்டான். மகன் தசுகே வெளியூர் போயிருந்தான். இருந்தாலும் வாயைத் திறந்திருக்கமாட்டான்.

ஒகினு மூட்டை கட்டி முடிக்கும் முன்பே பிரபு மாளிகைக் காரியஸ்தர் குரோதா வந்துவிட்டார்.

"பெட்டி இருக்கா பெரியவரே, இல்ல நீங்களும் கைய விரிக்கப் போறீங்களா? இந்த வறட்டுக் காத்துல எந்தப் பட்டறையிலயும் அரக்கு இறுகலையாம். தொட்டா பிசுபிசுங்குது."

மொஹேய்க்கு அப்போதுதான் உறைத்தது. இந்த அரக்கு வெயிலில் காயாது, ஈரத்தில்தான் இறுகும். அலமாரிக்குள் தொங்கும் துணியைத் தினமும் நனைக்க வேண்டும். அதைச் செய்துவந்தவள் அவர் மனைவி ஒயொனே. போன மாதம்தான் அவளை எரித்தார்கள். அதற்குப் பிறகு அவர் ஒரு நாள்கூட நனைக்கவில்லை. அப்படி ஒரு வேலை இருப்பதே நினைவில் இல்லை.

அலமாரிக் கதவைத் திறந்தார். ஈரவாடை முகத்தில் அடித்தது. துணி அப்போதுதான் பிழிந்தது போல இருந்தது. பெட்டி இறுகி, அசையாத கிணற்றுநீர் போலப் பளபளத்தது. நிலாவில் ஒரு கீறல் இல்லை.

குரோதா மூடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "இந்தக் காத்துல எப்படிய்யா இது?"

"எல்லாம் கைப்பழக்கம்தான்."

சொன்ன பிறகுதான் திரும்பினார். பின்னால் ஒகினு மூட்டையோடு நின்றிருந்தாள். மொஹேய்க்குக் காது சுட்டது.

குரோதா பெட்டியைப் பட்டுத்துணியில் சுற்றிக்கொண்டு புறப்பட்டார்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"உங்க வேலைய நீங்களே மறந்துட்டீங்கன்னு நான் எப்படி மாமா சொல்றது?"

"சரி, மூட்டைய உள்ள வை."

"திருடின்னு தெருவே கேக்கச் சொன்னீங்க. உள்ள வைன்னு மட்டும் காதோட சொல்றீங்களே."

மொஹேய் வெறுங்காலோடு தெருவில் இறங்கினார்.

"குரோதா ஐயா! நான் சொன்னது பொய். துணிய நனைச்சது என் மருமக. கை வெந்தும் நனைச்சிருக்கா. நான் மறந்துட்டு அவளத் திருடின்னுட்டேன்."

"காலைல இதவிட நல்லாக் கேட்டுச்சே பெரியவரே!" என்றான் டோஃபுக்காரன்.

பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் உரக்க, முதலிலிருந்து சொன்னார். வீட்டுக்கு வீடு கதவு திறந்தது. குரோதா நின்றார், மொஹேயைத் தாண்டி வாசலில் நின்ற ஒகினுவுக்குத் தலை வணங்கினார், போய்விட்டார்.

மொஹேய் அப்படியே நடந்து போய் ஆற்று நண்டு வாங்கி வந்தார். அரக்குத் தடிப்புக்கு நண்டு இடித்த சாறுதான் மருந்து. வாசலிலேயே குந்தி உட்கார்ந்து இடித்தார். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்தார்கள். அவர் தலையைத் தூக்கவில்லை.

ஒகினு கையை நீட்டினாள். மூட்டையை மட்டும் இன்னும் அவிழ்க்கவில்லை.