வலக்கன்னம் இரண்டு

கிளாடிசுக்குத் தன்னைப் பற்றிப் பெரிய சந்தேகங்கள் எதுவும் கிடையாது. ஒரு தகட்டைப் பார்த்தால் அது எங்கே வளையும், எங்கே முரண்டு பிடிக்கும் என்று சொல்லிவிடுவாள். சொன்னபடி வளையவில்லை என்றால் குற்றம் தகட்டின் மேல்தான் என்பாள். தூத்துக்குடியில் உப்பளத்தை ஒட்டியிருந்த அந்தப் படகு கட்டும் யார்டில் இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் இல்லை. ஆனால் சரக்கேற்றும் பார்ஜ் ஒன்று நசுங்கிக் கரையேறிவிட்டால், சிரித்த அதே வாய்கள்தான் "கிளாடிசைக் கூப்பிடு" என்று முதலில் சொல்லும்.

மணப்பாட்டில் பிறந்து தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்டவள். கேஸ் டார்ச்சால் இரும்பு வெட்டுகிற வேலைக்குத்தான் யார்டுக்குள் நுழைந்தாள். வெட்டுகிற தீயாலேயே வளைக்கவும் முடியும் என்பதை, மாலத்தீவு போய்வரும் பார்ஜுகளின் நெளிசல்களை எடுத்து எடுத்துக் கற்றுக்கொண்டாள். பார்ப்பதற்கு எளிதான வேலை. தகட்டில் சாக்பீஸால் கோடு போட்டு, கோட்டின் மேல் தீயை நிதானமாக நகர்த்த வேண்டும். பின்னாலேயே ஒருவர் தண்ணீர் விட்டுக்கொண்டு வர வேண்டும். சூடுபட்ட பக்கம் ஆறும்போது சுருங்கும். சுருங்கிய பக்கமாகத் தகடு குழியும். விளிம்புகளையும் அப்படியே சுருக்கினால் நடு கிண்ணம்போல உருண்டு வரும். கோட்டை எங்கே போடுவது, தீயை எங்கே எடுப்பது என்பதில்தான் சூட்சுமமெல்லாம் இருக்கிறது. தண்ணீர் விட்டுக்கொண்டு வருகிறவர் மந்திரமூர்த்தி. கயத்தாற்றுக்காரர், அவளுக்கு மூத்தவர், சம்மட்டி பிடித்த கை. அவருடைய பேச்சும் சம்மட்டிப் பேச்சுதான்.

மீன்பிடிக்காரர் விக்டருக்கு இரும்பில் ஒரு விசைப்படகு வேண்டியிருந்தது. அது நன்றாக அமைந்தால் இன்னொன்றும் கட்டுவதாக இருந்தார். பொதுவாக இந்த மாதிரிப் படகுகளின் முன்பக்கத்தை, கடற்கரைக்காரர்கள் அணியம் என்று சொல்வதை, நேர்த்தகடுகளைப் பட்டை பட்டையாக ஒட்டி முடித்துவிடுவார்கள். வேலை சுளுவு. ஆனால் அலை அறைகிறபோது அந்தத் தட்டை மூஞ்சி வாங்குகிற அடி, உள்ளே நிற்பவன் முதுகெலும்பு வரைக்கும் போகும். பக்கத்துக்கு ஒரே தகடு, கன்னம்போல உருண்டு வரும், நடுவில் ஒட்டே இருக்காது என்று கிளாடிஸ் அடித்துச் சொன்னாள். விக்டர் கடலில் முதுகைக் கொடுத்துச் சம்பாதித்தவர், அதனால் அவருக்கு ஆசை வந்தது. கூடவே வந்திருந்த அவருடைய மச்சினன் நேசக்குமாருக்கு நம்பிக்கை வரவில்லை. அவளுக்கும் மச்சினனுக்கும் பொதுவாக, யார்டு முழுக்கக் கேட்கும்படி விக்டர் ஒரு முடிவு சொன்னார்.

"ஏளா கிளாடிஸ், ரெண்டு கன்னமும் ஒழுங்கா உக்காந்துட்டா அடுத்த போட்டும் உன் கையாலதான். உக்காரலன்னா பட்டைத் தகட்ட அடிச்சு முடிச்சிட்டுப் போயிட்டே இருப்பேன். பெறவு நீ டார்ச்ச வெட்டதுக்கு மட்டும் எடு. வளைக்கேன் வளைக்கேன்னு யாருகிட்டயும் போயி நிக்காத."

"வெட்டதுக்கு வேற ஆளப் பாத்துக்கிடச் சொல்லும் அண்ணாச்சி," என்றாள் அவள்.

இவ்வளவு தைரியமாகச் சொன்னவள் செய்த காரியத்தைச் சொல்வதற்கு முன், அவள் வேலை செய்கிற விதத்தைச் சொல்லியாக வேண்டும். தகட்டைக் கிடத்துகிற இரும்பு மேடை கிழக்கு மேற்காக நீண்டது. அதன் வடபக்கம் ஐஸ் பிளான்ட், தென்பக்கம் உப்பளம். தகட்டின் குறுகிய முனை, அதாவது அணியத்தின் நுனிக்குப் போகிற முனை, எப்போதும் மேற்கே இருக்கும். அப்போது கச்சான் வீசிக்கொண்டிருந்தது. மேற்கிலிருந்து மண்ணை வாரி இறைக்கிற அந்தக் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால்தான் தீ கண்ணுக்குள் வராது. அதனால் கிளாடிஸ் மேற்கே, குறுகிய முனையில் நிற்பாள். அங்கே நின்றபடி, படகில் மேலே வரப்போகிற மேல்விளிம்பு இடக்கைப் பக்கம் வந்தால் அது வலக்கன்னம். வலக்கைப் பக்கம் வந்தால் இடக்கன்னம். இதை அவள் எங்கும் எழுதி வைத்ததில்லை, கைக்கே தெரியும் என்பாள்.

வலக்கன்னம் அழகாக வந்தது. படகின் விலாச் சட்டங்களில் அதைப் பொருத்தி, புள்ளி புள்ளியாக வெல்டு வைத்து நிறுத்தினார்கள். விக்டர் வந்து கையால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் ஒன்றும் சொல்லாமல் போவதுதான் பாராட்டு.

இடக்கன்னத்துக்கான தகடு மேடையேறுவதற்குள் பனிமயமாதா திருவிழா முடிந்து, கச்சான் ஓய்ந்து, கடலிலிருந்து கொண்டல் காற்று வர ஆரம்பித்துவிட்டது. காற்று கிழக்கே மாறினால் என்ன செய்ய வேண்டும்? அதற்கு முதுகைக் காட்ட வேண்டும். கிளாடிஸ் மேடையைச் சுற்றி நடந்து கிழக்கு முனையில் போய் நின்றாள். இடக்கன்னம், ஆகவே மேல்விளிம்பு வலக்கைப் பக்கம். சாக்பீஸை எடுத்து அப்படியே குறித்தாள். தான் எதிர்முனைக்கு வந்துவிட்டோம், வலக்கையும் இடக்கையும் இடம் மாறிவிட்டன என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

மந்திரமூர்த்திக்குத் தோன்றியது. ஹோஸைக் கையில் பிடித்தபடியே கேட்டார்.

"போன தகட்டுக்கும் ஐஸ் பிளான்ட் பக்கந்தான மேல்விளிம்பு இருந்துச்சு?"

"அண்ணே, நீரு தண்ணிய விடும். பக்கத்த நான் பாத்துக்கிடுதேன்."

அவர் தண்ணீரை விட்டார். அதற்குமேல் அவளிடம் பேச யாராலும் முடியாது.

வளைவு சரிதானா என்று பார்க்க ஒட்டுப்பலகையில் வெட்டிய அச்சுகளைத் தகட்டில் வைத்து வைத்துப் பார்ப்பார்கள். இரண்டு கன்னத்துக்கும் அதே அச்சுகள்தான். எவ்வளவு வளைந்திருக்கிறது என்று அவை சொல்லும், எந்தப் பக்கத்துக்கு என்று சொல்லாது. எனவே ஒவ்வோர் அச்சும் தகட்டில் இடைவெளி இல்லாமல் உட்கார, கிளாடிஸ் பூரித்துப்போய் விக்டருக்குப் போன் போட்டாள்.

மறுநாள் காலை விக்டர் வந்தார், மனைவி ஜெபசெல்வி வந்தார், நேசக்குமாரும் வந்தான். ஜெபசெல்வி எல்லோருக்குமாக ஒரு தூக்கு நிறைய வடை கொண்டுவந்திருந்தார். ஹைட்ரா கிரேன் தகட்டைத் தூக்கிப் படகின் இடப்பக்கம் கொண்டுபோனது. விலாச் சட்டங்களை நெருங்கியதும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மேலே விரிய வேண்டிய இடம் கீழே விரிந்திருந்தது. கீழே ஒடுங்க வேண்டிய இடம் மேலே ஒடுங்கியிருந்தது. கன்னம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

கிளாடிஸ் மேடையைத் திரும்பிப் பார்த்தாள். கிழக்கு முனையும் ஐஸ் பிளான்டும் மந்திரமூர்த்தியின் கேள்வியும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன. இரண்டாவதாகவும் வலக்கன்னத்தையே செய்து வைத்திருக்கிறாள்.

மந்திரமூர்த்தி பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "ஹைட்ராக்காரன் மாத்திக் கட்டிட்டான்னு சொல்லி இறக்கிருவமா? பெறவு பாத்துக்கிடலாம்."

"அவன் பொழப்புல எதுக்கு மண்ணப் போடணும்?" என்றவள், விக்டரின் முன்னால் போய் நின்றாள். "அண்ணாச்சி, இதுவும் வலதுதான். நான்தான் பக்கத்த மாத்திட்டேன். மந்திரண்ணன் அன்னைக்கே கேட்டாரு. நான்தான் அவரு வாய அடைச்சேன்."

நேசக்குமார் வாய்விட்டே சிரித்தான். விக்டர் சிரிக்கவில்லை. தகட்டை ஒருமுறை பார்த்தார், அவளை ஒருமுறை பார்த்தார். "அப்பம் பட்டைத் தகடுதான்," என்று சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

கிளாடிசுக்குத் தன் மேலேயே ஆத்திரம். கைக்குத் தெரியும், கைக்குத் தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தோமே என்று, வலக்கையில் போட்டிருந்த தோல் கையுறையைப் பிடித்து இழுத்தாள். வியர்வையில் ஊறிய கையுறை விரல்களோடு ஒட்டிக்கொண்டு, உள்பக்கம் முழுக்க வெளியே புரண்டு வந்தது. தூக்கி எறியப்போனவள் நின்று அதைப் பார்த்தாள். பிறகு இடக்கையில் மாட்டிப் பார்த்தாள். கச்சிதமாகப் பொருந்தியது.

"அண்ணாச்சி, போன வையும். தகட்ட இறக்கச் சொல்லும். உள்ளத வெளியத் திருப்பிட்டா வலது எடதாயிரும்."

"திருப்பிப் போடுகதுக்கு இது என்ன தலையணை உறையா?" என்றான் நேசக்குமார்.

"தலையணை உறையவிடக் கொஞ்சம் கனம். வேற வித்தியாசம் இல்ல."

விக்டர் போனைக் காதில் வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தார். தட்டை மூஞ்சிப் படகில் அவர் வாங்கிய அடிகளை அவருடைய முதுகு நினைவுபடுத்தியிருக்க வேண்டும். "இன்னைக்கு ஹைட்ரா நிக்கிற வரைக்கும் பாப்பேன்," என்று ஒரு பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

தகட்டை மேடையில் கவிழ்த்துப் போட்டார்கள். குழிந்திருந்த பக்கம் கீழே போய், வயிறு மேலே வந்தது. இந்த முறை கிளாடிஸ் காற்றைப் பார்க்கவில்லை. படகின் இடப்பக்கம் போய் விலாச் சட்டங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, தெற்கு விளிம்பில் 'மேல்' என்று பெரிதாக எழுதினாள்.

"உப்பளப் பக்கம். சரிதான அண்ணே?"

"பரவால்லயே. தண்ணி விடுதவன் பேச்சும் இன்னைக்கு எடுபடுது," என்றார் மந்திரமூர்த்தி. "ஆமா, விளிம்பையெல்லாம் மறுபடியும் சுருக்கணுமே, அதுக்கு நேரம் ஏது?"

"அது அன்னைக்கே சுருங்கியாச்சு. கவுத்துப் போட்டா விரிஞ்சிரவா போகுது? வயித்த மட்டும் உள்ள தள்ளுனாப் போதும்."

சொல்வதற்கு எளிதாக இருந்தது. கோடு கோடாகத் தீ நகர, பின்னால் தண்ணீர் சீறிக்கொண்டு போனது. மேட்டின் ஓரங்கள் தணிந்தன, நடுவயிறு மட்டும் தணியாமல் நின்றது. இன்னும் கொஞ்சம் தீயைக் காட்டலாம்தான். கூடிப்போனால் தகடு அப்பளமாக நெளிந்துவிடும். நெளிந்த தகட்டை எந்தப் பக்கத்துக்கும் வைக்க முடியாது. கிளாடிஸ் டார்ச்சை அணைத்துவிட்டு, தகடு முழுக்க ஆறட்டும் என்று சும்மா நின்றாள். நேசக்குமார் கடிகாரத்தைப் பார்த்தான். பயமாக இருந்ததா என்று கேட்டால் அவள் இல்லை என்றுதான் சொல்வாள். அது பொய். இனிமேல் வெட்டுகிற வேலைதானா என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டேதான் நின்றாள்.

தகட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். முழுக்க ஆறியிருந்தது. நடுவுக்குச் சற்று மேற்கே விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினாள்.

"மரச் சம்மட்டிய எடுத்துக்கிடும். இங்கன. வேற எங்கயும் படக்கூடாது."

மந்திரமூர்த்தி ஓங்கி அடித்தார். தகடு முனகியது. இன்னொன்று விழுந்தது, வயிறு அதிர்ந்துவிட்டு அப்படியே நின்றது. அவர் காலை அகட்டி வைத்து, மூச்சை இழுத்து மூன்றாவதைப் போட்டார். டொம்மென்று யார்டே குலுங்கியது. பக்கத்தில் நின்றவர்கள் துள்ளிப் பின்வாங்கினார்கள். வயிறு மறுபக்கம் போய்விட்டது. தகடு பெரிய உருளியாக மேடையில் ஆடிக்கொண்டு கிடந்தது.

"மாதாவே," என்றார் ஜெபசெல்வி. "தெரு முழுமைக்கும் உளுந்து ஊறப்போடலாம் போல இருக்கே."

அதன் பிறகு அங்கங்கே ஒரு கோடு, ஒரு தட்டு, அவ்வளவுதான். அச்சுகளை வைத்துப் பார்த்து, ஹைட்ரா தூக்கி, செயின் பிளாக் என்கிற சங்கிலிக் கப்பியால் இழுத்துப் பிடித்தபோது, இடக்கன்னம் விலாச் சட்டங்களில் முழுக்கப் படிந்து உட்கார்ந்தது. மேலே விரிந்து, கீழே ஒடுங்கி, நுனியில் வந்து வலக்கன்னத்தைத் தொட்டது. கிளாடிசுக்குக் கண் கலங்கிவிட்டது. புகை என்று சொல்லிக்கொள்ள டார்ச் எரியவில்லை, அதனால் எல்லோர் முன்னாலும் துடைத்துக்கொண்டாள்.

விக்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அணியத்தைச் சுற்றி வந்தார். கொஞ்சம் தள்ளிப்போய் நேர் எதிரே நின்று பார்த்தார். இந்த முறை அவர் ஒன்றும் சொல்லாமல் போகவில்லை.

"ஏளா, அடுத்த போட்டுக்குத் தகடு எப்பம் வந்து இறங்கணும்?"

கிளாடிஸ் வலக்கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டே போய் நடுச்சட்டத்துக்கு நேராகத் தடவினாள். பிறகு இந்தப் பக்கம் வந்து இடதைத் தடவினாள். மறுபடியும் அந்தப் பக்கம் போனாள்.

"அண்ணே, ஹைட்ராவ நிக்கச் சொல்லும். வலத அவுக்கணும்."

விக்டர் பதறிப்போனார். "எதுக்குளா? அதுதான் மொதல்லயே ஒழுங்கா உக்காந்துட்டே."

"எடது இதவிட நல்லா உருண்டு வந்திருக்கு அண்ணாச்சி. இது நடுவுல கொஞ்சம் தட்டையா நிக்கு. அன்னைக்கு எனக்குத் தெரியல, இப்பம் தெரியுது."

"எங்கன நிக்கு? எனக்கு ஒண்ணும் தெரியல. ஏலே நேசம், ஒனக்குத் தெரியுதா?"

நேசக்குமார் குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தான். "ஒண்ணும் தெரியல அத்தான். ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு. நல்லா இருக்கு."

"கேட்டியா? அவனே சொல்லுதான். விட்ரு தாயி. எனக்கு இந்த மூஞ்சி போதும்."

"ஒமக்குப் போதும்," என்றாள் கிளாடிஸ். புள்ளி வெல்டுகளைத் தேய்த்தெடுக்க கிரைண்டரைக் கையில் எடுத்துக்கொண்டு வலப்பக்கம் நடந்தாள்.