கோயில் மதில் போல ஒரு வெளிச்சவீடு

காலையிலிருந்து ரோசரிக்குக் கை ஓரிடத்தில் நிற்கவில்லை. பிரஷ்ஷை எடுப்பாள், வைப்பாள். போனை எடுத்துப் பார்ப்பாள், இடுப்பில் செருகுவாள். சாரத்தின் மேல் நின்றுகொண்டு இப்படிச் செய்தால் பக்கத்தில் நிற்கிற நான் அவள் காலடியையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

“ஒண்ணு போனைப் பாரு, இல்ல வேலையைப் பாரு. ரெண்டையும் பாத்தீன்னா தரையிலதான் கெடப்பே” என்றேன்.

“விழுந்தா நல்லதுண்ணே. பதில் சொல்ற வேலை மிச்சம்.”

கொள்ளிடக் கரையை ஒட்டிய திடலில் கோடைப் பொருட்காட்சி. அன்றைக்குச் சாயங்காலம் திறப்பு. வருசா வருசம் வாசலில் ஆள் மயங்குகிற மாதிரி எதையாவது கட்டி வைப்பார்கள். போன வருசம் விமானம். இந்த வருசம் இலங்கைத் தீவைச் சுற்றி நிற்கிற கலங்கரை விளக்கங்கள். சவுக்குக் கட்டை நட்டு, ப்ளைவுட்டை வளைத்து, துணி ஒட்டி வரிசையாக நிறுத்தியாகிவிட்டது. வர்ணம் மட்டும் நானும் ரோசரியும். ஆற்றுக்காற்று ஓயாமல் அடித்தது. ஒவ்வொரு கோபுரமும் உள்ளுக்குள் முனகியது.

ஒவ்வொன்றின் காலடியிலும் ஒரு பேனர். எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு நேரம் பிடிக்கும். ஆனாலும் படித்தேன். தெற்கே நடுக்கடல் பாறை மேல் நிற்கிற விளக்குக்கு, கல்லையெல்லாம் வெள்ளைக்காரன் தன் ஊரிலேயே செதுக்கிக் கப்பலில் கொண்டுவந்து அடுக்கினானாம். முதலில் எண்ணெய் விளக்கு, பிறகு மண்ணெண்ணெய், அப்புறம் கரண்ட். சண்டைக் காலத்தில் வடக்குப் பக்கத்து விளக்குகள் இருண்டு கிடந்தனவாம். இன்னொன்றும் எழுதியிருந்தது. பகலில் வெளிச்சத்தால் பயனில்லை. கோபுரத்தின் நிறத்தையும் பட்டையையும் பார்த்துத்தான் எந்தக் கரைக்கு வந்திருக்கிறோம் என்று கடலில் வருகிறவன் தெரிந்துகொள்வானாம்.

கடைசிக் கோபுரம் மன்னார்ப் பக்கத்தது. ரோசரிக்கு அந்தக் கோபுரத்தின் மேல்தான் கண். அவள் புருசன் ஆஸ்டின் அந்தக் கரையில் பிறந்தவன். சின்னப் பிள்ளையாகப் படகில் வந்தவன். ரோசரியின் அப்பா அம்மாவுக்கும் அதே ஊர்தான். ஆனால் அவள் பிறந்தது, வளர்ந்தது, கட்டிக்கொண்டது எல்லாம் இங்கே கொட்டப்பட்டு அகதி முகாமில். தீவை அவள் பார்த்ததே இல்லை.

போன வருசம் ஆஸ்டின் தன் அம்மாவோடு ஊருக்குத் திரும்பிப் போனான். தகரக் கொட்டகை போட்டுவிட்டேன், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா என்கிறான். போகிறவர்கள் பெயரை முகாமில் அன்றைக்குச் சாயங்காலத்தோடு எடுத்து முடிக்கிறார்கள். போனால் போனதுதான். இந்தப் பக்கம் திரும்பி வர முடியாது.

“நீ என்னதான் நெனைக்கிறே?” என்று கேட்டேன்.

“நெனைக்கவே தெரியலண்ணே. நம்ம ஊரு நம்ம ஊருன்னு பொறந்ததுலேர்ந்து காதுல ஓதுறாங்க. போகாட்டி நான் எப்படிப்பட்டவ? போனா அங்க நான் யாரு?”

செட் காண்ட்ராக்டர் கலையரசன் பைக்கை நிறுத்தாமலே கத்தினான். “ராசப்பண்ணே! கடைசி டவருக்குப் போட்டோ கெடைக்கல. சிவப்பு வெள்ளப் பட்டை அடிச்சு வுட்ருங்க. லைட்டவுஸுன்னா அப்படித்தானே இருக்கும்!”

“எவ்வளவு அகலம்?”

“உங்க கைக்குத் தெரியாதா? சீக்கிரம்ணே, நாலு மணிக்கு எலக்ட்ரீசியன் வந்துருவான்!”

என் கைக்குத் தெரிந்ததை அது செய்தது. நான் மேலிருந்து நூலை விட்டேன். ரோசரி கீழே இழுத்துப் பிடித்தாள். நீலம் தோய்த்த நூலைச் சுண்டிச் சுண்டிக் கோடு போட்டோம். அவள் சிவப்பு அடித்தாள், நான் வெள்ளை அடித்தேன். ஸ்ரீரங்கத்திலும் சுற்று வட்டாரத்திலும் எத்தனையோ கோயில் மதிலுக்கு நாங்கள் சேர்ந்து காவியும் சுண்ணாம்பும் அடித்திருக்கிறோம். பேச்சே தேவைப்படவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்தது.

இறங்கித் தள்ளி நின்று பார்த்தோம். நல்ல வேலை. கோடு ஒன்று கூடப் பிசகவில்லை.

“அழகா இருக்குல்லண்ணே!” அன்றைக்கு முதல்முறையாக அவள் முகம் தெளிந்தது. “இருங்க, அவருக்கு அனுப்புறேன். எங்க ஊர் வெளிச்சவீட்டை நான் கட்டியிருக்கேன்னு சொல்றேன்.” கலங்கரை விளக்கத்துக்கு அவர்கள் வீட்டுச் சொல் வெளிச்சவீடு.

நாங்கள் தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. ஆஸ்டினின் குரல் பதிவு. அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“என்னப்பா இது? எங்கட வெளிச்சவீடு முழு வெள்ளையெல்லோ! இது கோயில் மதில் மாதிரிக் கிடக்கு. பட்டை போடுற இடத்திலயும் குறுக்காலதான் போடுவினம். நெடுக்காலப் போட்டு நான் கண்டதே இல்லை. உனக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லையோ?” கொஞ்சம் சிரிப்பு. பிறகு சிரிப்பு நின்றது. “சரி, அதை விடு. பேர் குடுத்திட்டியோ?”

நான் நிமிர்ந்து பார்த்தேன். எனக்கு அப்போதுதான் உறைத்தது. வரிசையில் மற்ற கோபுரங்களுக்குப் பக்கத்தில் அது மட்டும் யாரோ மதிலைச் சுருட்டி நிறுத்திய மாதிரி நின்றது.

“என் தப்புதாம்மா. நூலைக் கையில எடுத்தா மேலேர்ந்து கீழதான் வருது.”

அவள் சாப்பிடவில்லை. பொட்டலத்தைத் திரும்ப மடித்தாள்.

“உங்க தப்பு இல்லண்ணே. நானும்தானே அடிச்சேன். தள்ளி நின்னு வேற பாத்தேன். எனக்குத் தப்பாவே தெரியல.”

“அதுல என்ன இருக்கு? எனக்குந்தான் தெரியல.”

“உங்களுக்குத் தெரிய வேணாம்ணே. நீங்க தொட்டியத்துக்காரரு.” கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பாத்ததும் இதுதான் சரின்னு பட்டுச்சு. எங்க ஊருன்னு பட்டுச்சு. அதான் உதைக்குது.”

 நானும் என் பொட்டலத்தை மடித்து வைத்தேன். 

அவள் எழுந்து வெள்ளை டப்பாவைத் திறந்தாள்.

“எதுக்கு? கலையரசன் ஒண்ணும் சொல்ல மாட்டான். செல்பி எடுக்குறவனுக்குக் குறுக்கு என்ன, நெடுக்கு என்ன?”

“கலையரசனுக்காக இல்லண்ணே. எங்க வீட்டுக்காரருக்குத்தான். தப்பான படத்தை அனுப்பிட்டு அதோட என் முடிவையும் சொன்னா, கேலி பண்ணதுக்குக் கோவிச்சுட்டுச் சொன்ன மாதிரி ஆயிடும். சரியா அடிச்சு அனுப்பிட்டுச் சொல்றேன்.”

நான் இன்னொரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு சாரத்தில் ஏறினேன். 

சிவப்பை மூடுவது லேசில்லை. ஒரு பூச்சில் ரோஸ் நிறமாகப் பல்லைக் காட்டியது. இரண்டாவது பூச்சுக்கு முன்னால் கலையரசன் வந்து தலையில் கை வைத்தான்.

“என்னக்கா, கல்யாணக் கூட்டமே வந்து போட்டோ புடிக்கிற மாதிரி இருந்துச்சு, இப்படி விதவை மாதிரி ஆக்கிட்டீங்க!”

“வாயைக் கழுவு” என்றாள் ரோசரி. இறங்கக்கூட இல்லை. அவன் என்னைப் பார்த்தான். நான் பிரஷ்ஷைப் பார்த்தேன். போய்விட்டான்.

எலக்ட்ரீசியன் கீழே நின்று வாட்சைத் தட்டிக் காட்ட, ஈரத்தோடு இறங்கினோம். முழு வெள்ளை. உயரமாக, வெறுமையாக, யாருக்கோ காத்திருக்கிற மாதிரி. ரோசரி படம் எடுத்து அனுப்பினாள். பிறகு மைக்கை அழுத்திப் போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனாள். புருசனிடம் பேசும்போது அவளுக்குத் தீவுப் பேச்சு தானாக வந்துவிடும்.

“இஞ்சேருங்கோ. இப்ப சரியோ எண்டு பாருங்கோ. நான் பேர் குடுக்கேல்ல. பிள்ளைக்காக எண்டு பொய் சொல்ல மாட்டன். எனக்காகத்தான். நீங்கள் அந்த வெள்ளையைக் கண்டால் வீட்டுக்கு வந்திட்டம் எண்டு...” அங்கே நிறுத்தினாள். மூச்சை இழுத்தாள். அப்புறம் வந்தது எங்கள் பேச்சு. “எனக்கு அப்படி வரலைங்க. பாத்துப் பாத்து அடிச்சேன், வரலைங்க. என்னால முடியாது.”

விரலை எடுத்தாள். போய்விட்டது.

எலக்ட்ரீசியன் உச்சியில் சுழல் விளக்கை மாட்ட ஆரம்பித்தான். ராட்டினத்துக்காரன் மைக்கில் ஒன்று, இரண்டு சொல்லிப் பார்த்தான். ரோசரி பிரஷ்களைத் தண்ணீரில் போட்டு அலசினாள். தண்ணீர் வெள்ளையாகி, அடியிலிருந்து சிவப்பு கிளம்பியது. அதையும் கொட்டிவிட்டு மறுபடி அலசினாள்.

போன் சத்தம் கொடுத்தது. ஈரக்கையோடு எடுத்தாள். எழுத்தில் வந்திருந்தது. எனக்கும் காட்டினாள்.

‘வடிவா இருக்கு. அப்பிடியேதான். இஞ்ச அம்மா பார்த்திட்டு அழுறா.’

அதற்கு மேலே அவள் குரல் பதிவு இருந்தது. அதை அவன் இன்னும் திறந்து கேட்கவில்லை.