நாட்டுப்பண்ணுக்குப் பிறகு

காரைக்கால் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கலை பண்பாட்டுக் குழுவின் அரங்கில், மேடையின் இடது ஓரமாக, கோட்டுச்சேரிமேட்டு மீனவர் சிலம்பரசன் மூன்று ஆண்டுகள் நனைந்தபடியே நின்றார். கடலில் காணாமல்போய் இரண்டு மாதம் கழித்து அங்கே வந்தார். கட்டம் போட்ட கைலியும் சாயம்போன நீலச் சட்டையும் உடுத்தியிருந்தார். பேசவில்லை, சாப்பிடவில்லை, உட்காரவில்லை. அவர் உடம்பிலிருந்து ஒரு நாளைக்கு முப்பத்தாறு லிட்டர் தண்ணீர் வடிந்தது. அரங்கின் காவலாளி முத்தையன் அதைப் பிளாஸ்டிக் வாளியில் பிடித்து நாளுக்கு நான்கு முறை வெளியே ஊற்றினார். அந்த இடத்தில் இருந்த செம்பருத்திச் செடி பட்டுப்போனது. கல்லூரி ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்ததில் லிட்டருக்கு முப்பத்து மூன்று கிராம் உப்பு இருந்தது. கடல் தண்ணீர்தான், வேறொன்றும் இல்லை.

கலை பண்பாட்டுக் குழுவின் ஆண்டு ஏப்ரலில் தொடங்கும். ஏப்ரலில் படிவம் அச்சாகும். ஆகஸ்டில் கலைஞர்களிடமிருந்து விண்ணப்பம் கோரும் அறிவிப்பு வரும், மூன்று பிரதிகள் கேட்பார்கள். அக்டோபரில் தேர்வுக் கூட்டம் நடக்கும், டிசம்பரில் பட்டியல் ஒட்டப்படும். பிப்ரவரியில் ஒரே ஒரு நாள் விழா. காலை பத்து மணி என்று அழைப்பிதழில் போட்டு, பன்னிரண்டு மணிக்குத் தொடங்குவார்கள். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகிப்பவர்களின் உரைகள், வாழ்த்துரைகள், பொன்னாடை, சிறப்புரை, நன்றியுரை. இவற்றுக்கிடையில் எங்காவது ஓர் இடுக்கில் கலை. கடைசியில் நாட்டுப்பண். மார்ச்சில் ஆண்டறிக்கை வரும். அதில் விழா சிறப்பாக நடைபெற்றது என்ற வரி இருக்கும். அந்த வரியை எழுதிய எழுத்தர் ஓய்வுபெற்றுப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன.

சிலம்பரசன் போன படகில் நான்கு பேர் இருந்தார்கள். 2021 டிசம்பரில் அது திரும்பவில்லை. கோட்டுச்சேரிமேட்டில் இப்படி ஆகும்போது கரைக் கூப்பாடு போடுவது வழக்கம். மூன்றாம் நாள் ஊர் முழுவதும் கரையில் கூடும். காணாமல்போனவரின் வீட்டுப் பெண் அவர் பெயரைச் சொல்லி மூன்று முறை கடலைப் பார்த்துக் கூப்பிடுவார். ஒவ்வொரு முறையும் ஊர் ஒரே குரலில் ‘இங்கதான் கரை’ என்று பதில் சொல்லும். மூன்றுக்கும் படகு தென்படாவிட்டால் அந்தப் பெண் கடலைப் பார்த்து ‘போங்க’ என்று அவரை அனுப்பிவைப்பார். எல்லோரும் வீட்டுக்குத் திரும்புவார்கள். கணவன் பெயரை அந்த ஊர்ப் பெண்கள் வாழ்நாளில் வேறு எப்போதும் வாயால் சொல்வதில்லை. ரேஷன் கடையில்கூடப் பிள்ளையை விட்டுத்தான் சொல்லச் சொல்வார்கள். ஆனால் அந்த மூன்றாம் நாளில் அதிகாரிகள் வந்து, தேடுதல் நடக்கிறது, இப்போது கூப்பாடு போட்டால் தேடுகிறவர்களுக்கு நம்பிக்கை போய்விடும், பொறுத்திருங்கள் என்றார்கள். ஊர் பொறுத்திருந்தது. பதினைந்தாம் நாள், தேடுதல் நிறுத்தப்பட்ட செய்தியை மீன் பொட்டலம் கட்ட வாங்கிய பழைய பேப்பரில் பார்த்தார்கள். நாள் தவறிய கூப்பாட்டைக் கரையில் போட ஊர் ஒப்பவில்லை.

சிலம்பரசனின் மனைவி அமுதம் இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை பார்த்தவர். கொட்டகையில் ஏழு பெண்கள் சேர்ந்து ஒரு நாடகக் குழு வைத்திருந்தார்கள். டெங்கு ஒழிப்பு, பெண் கல்வி என்று அரசு கேட்டதையெல்லாம் போட்டுவந்தார்கள். அந்த ஆண்டு விழாவுக்கு டெங்கு நாடகம் என்றுதான் பட்டியலில் இருந்தது. அமுதம் அதை மாற்றினார். கரையில் போட முடியாததை மேடையில் போடலாம், எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் பதில் சொன்னால் போதும் என்று நினைத்தார். ஒத்திகையில் பெயர் வரும் இடத்தில் ஒருமுறை கை தட்டிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போனார்கள்.

அவர்களுக்குப் பன்னிரண்டு நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார். குழுவின் தலைவர் தமிழ்வேந்தன், கலையே மக்களின் மூச்சு என்று தொடங்கி நாற்பது நிமிடம் பேசினார். செயலாளர் பிலோமின்ராஜ் திரைக்குப் பின்னால் வந்து, கடைசிக் காட்சியை மட்டும் போடுங்கள் என்றார். அமுதம் மைக்கின் முன்னால் நின்று, பிறந்ததிலிருந்து முதல் முறையாகத் தன் கணவரின் பெயரைச் சொன்னார். பின் வரிசைகளில் இருந்த ஊர்க்காரர்கள் ‘இங்கதான் கரை’ என்றார்கள். இடது பக்கத் திரை ஓரமாகச் சிலம்பரசன் மேடையேறி வந்தார். அதே நேரத்தில் சிறப்பு விருந்தினர் எழுந்தார், அவருக்கு நெடுங்காட்டில் இன்னொரு விழா இருந்தது. பிலோமின்ராஜ் ஒலிபெருக்கிக்காரருக்குக் கை காட்டினார். நாட்டுப்பண் ஒலித்தது. எல்லோரும் அசையாமல் நின்றார்கள், சிலம்பரசனும் நின்றார். பண் முடிந்ததும் மற்றவர்கள் நகர்ந்தார்கள். அவர் நகரவில்லை. ஒரு கூப்பாட்டுக்கு வந்தவர் இன்னும் இரண்டுக்காகக் காத்திருந்தார்.

மறுநாள் அமுதம் தன் குழுவுடன் வந்தார். முத்தையன் யாருக்கும் சொல்லாமல் கதவைத் திறந்துவிட்டார். அமுதம் கூப்பிட்டார், ஆறு பெண்கள் பதில் சொன்னார்கள். சிலம்பரசன் கொஞ்சம் தலையைத் திருப்பினார், திரும்பவும் நேராக வைத்துக்கொண்டார். ஊர்க் குரல் வேண்டும், ஆறு குரல் பத்தாது. அமுதம் அலுவலகத்துக்குப் போனார்.

“சார், இன்னும் ரெண்டு தடவ கூப்புடணும். ஊர் சனத்த ஒரு நாளு உள்ள விட்டீங்கன்னா போதும். அஞ்சு நிமிசம்.”

“அது முடிஞ்ச நிகழ்ச்சிம்மா,” என்றார் பிலோமின்ராஜ். “அறிக்கையில ஏத்தியாச்சு. முடிஞ்சத மறுபடி எப்புடி முடிக்கிறது?”

“அவுரு நிக்கிறாரு சார்.”

“நிக்கட்டும்மா. நாங்க ஒண்ணும் சொல்லலியே.”

வெளியே வந்ததும் குழுவில் மூத்தவரான தாமரைச்செல்வி சொன்னார்: “நானூறு நாக்காலி அடுக்கி வச்சிருக்கானுவொ. ஒண்ண எடுத்துப் போட்டு ஒக்காருன்னு சொல்ல ஒருத்தனுக்கு வாய் வரல பாரு.” அவருடைய மகன் அகரனும் அதே படகில் போனவர்.

அடுத்த ஆண்டு அமுதம் முறைப்படி விண்ணப்பித்தார். மூன்று பிரதிகளிலும் பெயர் வரும் இடம் வெற்றாக இருந்தது. சொல்லக்கூடாததை எழுதவும் அவருக்குக் கை வரவில்லை. தேர்வுக் கூட்டம் நாடகம் முழுமையாக இல்லை என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பியது. விழாவில் ஜிகினா வைத்த கைலி கட்டிய மாணவர்கள் கடல் வளம் என்ற நடனத்தைச் சிலம்பரசனைச் சுற்றி ஆடினார்கள். சிறப்பு விருந்தினர் அவரையும் விருதாளர் என்று நினைத்துப் பொன்னாடை போர்த்தினார். அது ஒரு நிமிடத்தில் நனைந்து கனத்துக் கீழே விழுந்தது. அந்தப் படம் ஆண்டறிக்கையின் ஆறாம் பக்கத்தில், நாட்டார் கலைஞர் ஒருவருடன் சிறப்பு விருந்தினர் என்ற குறிப்போடு வந்தது. அமுதம் தாலுகா அலுவலகத்துக்குக் கணவரின் இறப்புச் சான்றிதழ் கேட்டுப் போனபோது, அங்கிருந்த எழுத்தர் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டி, அரசாங்க அறிக்கையிலேயே ஆள் இருக்கிறாரே என்றார்.

வாரத்துக்கு ஒருநாள் அமுதம் காய்ந்த துண்டுடன் வந்து அவரைத் துடைப்பார். பிழிந்து உதறுவதற்குள் திரும்ப நனைந்துவிடும். சிலம்பரசன் அவரைப் பார்ப்பதில்லை, மைக் இருந்த திசையையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் பாதங்கள் வெளுத்து ஊறித் தோல் உரிந்திருந்தன. முழங்கால்கள் இடைவிடாமல் நடுங்கின. மூன்றாம் ஆண்டு விரல்களுக்கிடையில் சிப்பி ஒட்டத் தொடங்கியது. அமுதம் இறால் உரிக்கும் கத்தியால் அவற்றை ஒவ்வொன்றாகப் பெயர்த்து எடுத்தார். அந்தச் சமயங்களில் யாரும் அவரிடம் பேசப் போகமாட்டார்கள். தலைவர் தமிழ்வேந்தன் ஒருமுறை அந்தப் பக்கம் வந்து, ஒரு மாபெரும் கலைஞனின் பொறுமை என்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். அமுதம் கத்தியைக் கீழே வைக்காமல் நிமிர்ந்து பார்த்தார். தலைவர் வந்த வழியே போனார்.

அந்த மூன்றாவது விழாவில், தாமரைச்செல்வி வற்புறுத்தி வேறொரு தலைப்பில் விண்ணப்பித்ததால், அவர்களுக்கு மூன்று நிமிடம் கிடைத்தது. நிரலில் பதினான்காவது. பதின்மூன்றாவது முடிந்தபோது மணி மூன்று. நேரமின்மை காரணமாக என்று பிலோமின்ராஜ் தொடங்கினார், அதற்கு மேல் சொல்லத் தேவைப்படவில்லை. அமுதம் மேடையின் கடைசிப் படியில் ஒரு காலை வைத்திருந்தார். நாட்டுப்பண் தொடங்கியது. அந்த ஐம்பத்திரண்டு வினாடிகளும் அவர் அசையாமல் நின்று கணவரின் பாதங்களைப் பார்த்தார். பண் முடிந்தது. அதிகாரிகள் இரண்டு நிமிடத்தில் கார் ஏறினார்கள். மைக்கையும் விளக்கையும் யாரும் அணைக்கவில்லை, ஏனென்றால் முத்தையன் எப்போதும் பின் வரிசை நாற்காலிகளை அடுக்கிவிட்டுத்தான் மேடைக்கு வருவார். அமுதம் கையிலிருந்த நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். நாட்டுப்பண்ணுக்குக் கீழே எதுவும் அச்சாகியிருக்கவில்லை. இல்லாததை யாரும் வெட்ட முடியாது. ஆனால் அதற்குள் ஊர் சனம் பேருந்துக்குப் போய்விட்டிருந்தது.

நான்காம் ஆண்டு அவர் விண்ணப்பிக்கவில்லை. பொதுமக்கள் திரளாகக் கலந்துகொள்ளுமாறு குழு நோட்டீஸ் அடித்திருந்தது. கோட்டுச்சேரிமேட்டிலிருந்து நானூறு பேர் லோடு வண்டிகளில் வந்து எல்லா நாற்காலிகளையும் நிரப்பினார்கள். கூட்டத்தைக் கண்ட தமிழ்வேந்தன் இருபது நிமிடம் கூடுதலாகப் பேசினார். ஒன்பது உரைகளுக்கும் ஒருவரும் கை தட்டவில்லை. கலை வழக்கம்போல ரத்தானது. நாட்டுப்பண்ணுக்கு நானூறு பேரும் மரியாதையாக எழுந்து நின்றார்கள். முடிந்ததும் உட்கார்ந்தார்கள். அதிகாரிகள் வாசலுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தார்கள்.

“முடிஞ்சிருச்சும்மா, எல்லாரும் கெளம்புங்க,” என்றார் பிலோமின்ராஜ்.

“ஒங்களுது முடிஞ்சிருச்சு சார்,” என்றார் தாமரைச்செல்வி. “நீங்க கெளம்புங்க.”

முத்தையன் அடுக்குவதற்கு நாற்காலி எதுவும் காலியாக இல்லாததால் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அமுதம் மேடையேறி, மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கி, இரண்டாவது கூப்பாடாகப் பெயரைச் சொன்னார். நானூறு பேர் ‘இங்கதான் கரை’ என்றார்கள். சிலம்பரசன் திரும்பி, மூன்று ஆண்டுகளில் முதல் முறையாக மனைவியைப் பார்த்தார். அமுதம் மூன்றாவது முறை கூப்பிட்டார். ஊர் பதில் சொன்னது. சிலம்பரசன் இரண்டு அடி எடுத்துவைத்து வாயைத் திறந்தார், தண்ணீர்தான் வந்தது. முழங்கால்களின் நடுக்கம் நின்றது.

“போங்க,” என்றார் அமுதம்.

சிலம்பரசன் போகவில்லை. வீட்டைவிட்டுக் கிளம்புகிற யாரையும் அந்த ஊரில் வெறுமனே போங்க என்று சொல்வதில்லை. போயிட்டு வாங்க என்பார்கள். டிசம்பரில் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியபோது அமுதம் அவரிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார். அவர் மீதிச் சொல்லுக்காக நின்றார். அமுதம் உதட்டைக் கடித்துக்கொண்டார். அரங்கில் ஒரு குழந்தை இருமியது. அமுதம் இன்னொரு முறை, முன்பைவிட மெதுவாக, “போங்க,” என்றார்.

சிலம்பரசன் படிகளில் இறங்கி, நடுவழியாக நடந்து, வாசலில் ஒதுங்கி நின்ற அதிகாரிகளைக் கடந்து வெளியேறினார். வெயில் சுட்டது. ஆட்டோக்கள் வழிவிட்டன. பேருந்து நிலையத்தைத் தாண்டி, கடற்கரைச் சாலையின் முழு நீளமும் நடந்து, கடலுக்குள் இறங்கிப் போனார். சாலையில் அவர் பாதத் தடங்கள் உப்புப் பூத்து இரண்டு வாரம் இருந்தன, வண்டிகள் அவற்றின்மேல் ஏறாமல் ஓரமாகப் போயின.

அமுதம் வாசலுக்கு வந்தபோது பிலோமின்ராஜ் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதேம்மா,” என்றார்.

“மூணு வருசம் நிக்க வச்சீங்க,” என்றார் அமுதம். சார் என்று சேர்க்கவில்லை. பிறகும் சேர்க்கவில்லை. அன்று வீட்டுக்குப் போய் அவர் அழுததாக ஊரில் யாரும் சொல்லவில்லை. அந்தப் பேச்சை எடுத்தால் இன்றைக்கும் அவர் முகம் சிவக்கும்.

அந்த ஆண்டின் அறிக்கையில், விழா சிறப்பாக நடைபெற்றது என்ற வரியை அடுத்து, மேடையின் இடது ஓரம் மீண்டும் பயன்பாட்டுக்கு வந்துள்ளது என்று இருந்தது. அடுத்த ஆகஸ்டில், நாற்பது நிமிடம் ஒதுக்கத் தயார் என்று குழு அமுதத்துக்குக் கடிதம் அனுப்பியது. அவர் அதில் கருவாடு கட்டிக் கொடுத்தார்.

இந்த ஆண்டு பிப்ரவரியில் விழா வழக்கம்போல நடந்தது. தமிழ்வேந்தன் கலையே மக்களின் மூச்சு என்றார். நாட்டுப்பண் முடிந்ததும் அதிகாரிகள், யாரும் சொல்லாமலே, ஒன்றரை நிமிடத்தில் கார் ஏறினார்கள். ஊர் உட்கார்ந்தது. தாமரைச்செல்வி மைக்கை நோக்கி நடந்தார். படகில் போன நான்கு பேரில் அகரன் இரண்டாவது. மூன்று கூப்பாடும் சேர்ந்து இரண்டு நிமிடம்கூட ஆகாது, அது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் முத்தையன் மேடையின் இடது ஓரத்தில் வாளியை வைத்தார். பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, அதன் கைப்பிடியில் காய்ந்த துண்டு ஒன்றை மடித்து வைத்துவிட்டு, பின் வரிசைக்குப் போய் உட்கார்ந்தார்.