ஈரம் காயாத கதவு

மேல்வீட்டுக் குழாய் வெடித்துத் தச்சரின் படுக்கையறைக்குள் தண்ணீர் கொட்டியது. "சங்கத்தோட இன்சூரன்ஸ் வெளிச்சுவர் வரைக்கும்தான். உள்ள இருக்கறது உங்க பாடு," என்று குடியிருப்புச் சங்கச் செயலாளர் கைகழுவிவிட்டார். நல்லவேளை, வீட்டுப் பொருள்களுக்குத் தச்சரின் மனைவி தனியாக ஒரு பாலிசி எடுத்து வைத்திருந்தாள். திங்கட்கிழமை சேதத்தைப் பார்க்க ஆள் வருவதாகச் சொன்னார்கள்.

நனைந்த அலமாரி தச்சர் தன் கையால் செய்தது. கதவுகள் ஊதிப்போய், மூட மாட்டேன் என்று அடம்பிடித்தன. அதை எவனோ ஒருவன் இழுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்குவான் என்று நினைத்தாலே அவருக்கு உடம்பு கூசியது. மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, கதவுகளைக் கழற்றி, ஓரத்தை இழைத்து, மெருகேற்றி மாட்டிவிட்டார்.

மறுநாள் அவள் திரும்பி வந்தபோது இன்சூரன்ஸ்காரர் ஒவ்வொரு கதவாக மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின.

"சேதம் எங்கங்க?"

"நானே சரி பண்ணிட்டேன்," என்றார் தச்சர். குரலில் பெருமை வேறு.

'சேதம் இல்லை' என்று எழுதிக்கொண்டு அவர் போய்விட்டார். மனைவி தலையில் அடித்துக்கொள்ளக்கூட இல்லை.

"ஈர மரத்த இழைச்சா, காஞ்சதும் சுருங்கிடும்னு எனக்கே தெரியும். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். இழைப்புளியைக் கையில் எடுத்தபோதே தெரியும்.

மூன்றே வாரத்தில் மரம் காய்ந்து, கதவுகளுக்கு நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. அலமாரியை யார் செய்தது என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டால், "கடையில வாங்கினது," என்கிறார் தச்சர்.